முரசு ஓய்ந்த உயிரணுபுரி

சவ்வு மதில் சூழ்ந்த உயிரணுபுரியில் ஒரு வளர்ச்சி முரசு இருந்தது. அதை அறைபவள் தோரணி. வெளியிலிருந்து வளர்ச்சித் தூதன் வந்து வாயிலைத் தட்ட வேண்டும், கிடங்கில் அமினோ மணிகள் இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் முரசு முழங்கும். பட்டறைகளில் மணிகளைக் கோத்துப் புரதச் சரம் செய்வார்கள். முரசு நின்றால், பழுதான சரங்களைப் பிரித்துத் தாமும் உண்பார்கள், கிடங்கையும் நிரப்புவார்கள்.

தேர்தலில் வென்று முடிசூடிய பெருவளவ மன்னருக்கு இது பிடிக்கவில்லை. தூதனுக்குக் காத்திருப்பது அடிமைப் புத்தி என்று முதல் ஆணை வந்தது. கிடங்கை எட்டிப் பார்ப்பது தேசத்துரோகம் என்றது அடுத்த ஆணை.

முரசு ஓயாமல் முழங்கியது. மணிகள் தீர்ந்தன. பட்டறைகளில் பாதிச் சரங்கள் தொங்கின; பிரிக்க நேரமின்றித் தெருவெல்லாம் பழுது குவிந்தது. வேலையாட்கள் நின்றபடியே மயங்கினார்கள். அது வளர்ச்சியின் களிப்பால் வரும் மயக்கம் என்று அமைச்சர் விளக்கினார்.

ஒருநாள் தோரணியின் தங்கை மின்னி பட்டறையில் சுருண்டு விழுந்தாள். தோரணி முரசுக் கோலைக் கீழே வைத்தாள். அமைச்சர் மூச்சிரைக்க வந்தார்.

"ஏம்மா, முரசு ஏன் நின்னுச்சு?"

"கோக்க மணி இல்லைங்க ஐயா."

"கிடங்கைப் பாத்தியா? அது குத்தம்மா."

"கிடங்கைப் பாக்கலைங்க. என் தங்கச்சி விழுந்ததைப் பாத்தேன். அதுக்கு இன்னும் ஆணை போடலையே."

அந்த ஆணையைப் பிறப்பிக்க அமைச்சர் அரண்மனைக்கு விரைந்தார். அதற்குள் ஊர் கைவேலையைப் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தது. பழுதைப் பிரிக்கத் தொடங்கினார்கள். தெருவுக்குத் தெரு உலை கொதித்தது. மின்னி இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு ஆட, தெருவே சேர்ந்து ஆடியது. கிடங்கு நிறைந்தது. தூதனும் வந்து தட்டினான். தோரணி மனம் நிறைந்து முரசறைந்தாள். முழுச் சரங்கள் பளபளவென்று வெளியே வந்தன.

மாடத்திலிருந்து பார்த்த மன்னர் பூரித்துப்போனார். அமைச்சரிடம், "நம்ம ஓய்வுத் திட்டம் எப்படி வேலை செய்யுது பாத்தீரா" என்றார்.

அடுத்த தேர்தலில் அதைச் சொல்லியே வாக்குக் கேட்டார். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? தாங்கள் வந்தால் வீட்டுக்கொரு வளர்ச்சி முரசு இலவசம் என்று கூட்டம் போட்டு அறிவித்தது.

கூட்டத்தில் நின்றிருந்த தோரணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தலையில் தட்டிவிட யாராவது வேண்டுமே என்று பக்கத்தில் பார்த்தாள். மின்னியின் இரண்டு கைகளும் அந்த அறிவிப்புக்குக் கைதட்டுவதில் மும்முரமாக இருந்தன.