மோட்டார் ரூம் குடும்பத் தலைவர்

எங்கள் வீட்டுச் சமாதானக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: பெரியப்பா, பொள்ளாச்சியிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்த மாமா, நல்லேப்பிள்ளியில் கட்டிக்கொடுத்த அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லோருக்கும் டீ ஊற்றிய அம்மா, குற்றவாளியாக நான். வராதவர் ஒரே ஒருவர். யாருக்கு நியாயம் கேட்டுக் கூட்டம் கூடியதோ அந்த அப்பா. (அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். ஏன் போனார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.)

என்மேல் இருந்த குற்றச்சாட்டு எளிமையானது. பெற்ற தகப்பனை வீட்டை விட்டு வெளியேற்றி, தோட்டத்து மோட்டார் ரூமில் தள்ளிவிட்டேன். அதுவும் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்த தகப்பனை.

வீட்டில் முதல் ஆளாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் முழுசாகப் படிப்பான். மற்ற வீடுகளில் இன்சூரன்ஸ் தாள் வந்தால் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எங்கள் வீட்டில் அது என் கைக்கு வரும். நான் அதிலுள்ள பொடி எழுத்தையெல்லாம் படித்து, புரிந்த பாதியை வைத்துக் கவலைப்பட ஆரம்பிப்பேன். கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் எங்கள் தெருவில் யாருக்கு எந்த அட்டை வந்தாலும், "தம்பி கிட்டக் காட்டு, அவன் படிச்சவன்" என்று என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்த மரியாதை என் தலைக்குள் போய் ஈரம் பட்ட கடலைக்கொட்டை மாதிரி ஊதிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு எழுபத்தொன்று முடிந்திருந்தது. அடிவயிற்றில் ஹெர்னியா. அவர் அதை "அந்தக் கட்டி" என்பார். இருமினால் வெளியே வரும்; படுத்துக்கொண்டு கையால் அழுத்தினால் உள்ளே போகும். நெடுநாள் இப்படியே அதை வளர்ப்பு நாய்போல அதட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர், "தள்ளிப்போடாதீங்க. ஒரு நாள் உள்ளே போகாம மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. கனம் தூக்கவே கூடாது" என்றார். பிறகு எங்களிடம் அரசாங்க ஹெல்த் கார்டு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எங்கள் ரேஷன் கார்டு பிங்க் நிறம், அதாவது சலுகை உள்ள ஏழைக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் பேரில் ஹெல்த் கார்டும் இருந்தது. "அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை" என்று தேதி கொடுத்துவிட்டார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த மாதம்தான் நான் வேலை பார்க்கும் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் இன்சூரன்ஸைப் புதுப்பித்தார்கள். அதுவரை அப்பா அம்மாவுக்கும் சேர்த்து இருந்த திட்டத்தில், பிரீமியம் ஏறிவிட்டது என்று பெற்றோரைக் கழற்றிவிட்டார்கள். ஒரு கால் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் மற்ற மூன்று கால்களையும் ஆட்டிப் பார்ப்பது போல, அரசாங்கக் கார்டின் விதிகளைத் தோண்ட ஆரம்பித்தேன். போனில் எத்தனை குழு உண்டோ அத்தனையிலும் சேர்ந்தேன். காலையில் ஒரு விதி வரும். மத்தியானம் அது மாறிவிட்டது என்று வரும். சாயங்காலம் இரண்டுமே பொய் என்று ஒருவர் கும்பிடும் கை படத்தோடு போடுவார்.

அதில் ஒரு செய்தி உண்மையாக இருந்தது. எழுபது வயது தாண்டியவர்களுக்கு, வருமானம் எதுவும் பார்க்காமல், தனியாக ஒரு காப்பீடு. அதன் அடியில் ஒரு வரி: வேறு திட்டத்தில் இருப்பவர்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சாதாரண மனிதன் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பான். நான் அதன் மேலேயே குடிசை போட்டு உட்கார்ந்தேன். ஒரே ரேஷன் கார்டில் நான் இருக்கிறேன். எனக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது. கம்ப்யூட்டர் என்னைப் பார்த்துவிட்டு, "இந்தக் குடும்பத்துக்குத்தான் ஏற்கெனவே இருக்கே" என்று அப்பாவைத் தள்ளிவிட்டால்? ஆகவே ஆப்பரேஷனுக்கு முன்னால் அப்பாவை என்னிடமிருந்து பிரித்துத் தனிக் கார்டு வாங்கிவிட வேண்டும். (இப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. முழுக்க முழுக்க என் சொந்த உற்பத்தி.)

"அப்பா, உங்களக் கொஞ்சம் பிரிச்சு வெக்கோணுங்க" என்றேன்.

"எதுலிருந்துடா சாமி?"

"எங்ககிட்ட இருந்துங்க. கார்டுல மட்டும்."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, இவன் என்னமோ சொல்றான், நீங்களும் தலைய ஆட்டீட்டு இருக்கறீங்க? நாப்பது வருசமா ஒரே ஒலைச் சோத்தத் திங்கறோம். இப்ப எந்த மகராசன் வந்து நம்மளப் பிரிக்கறான்?"

"படிச்ச பையன் சொல்றான். நமக்கென்ன தெரியும்?" என்றார் அப்பா.

தனிக் கார்டு என்றால் தனி வீடு வேண்டும். அதற்கும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காட்டுப்பன்றி வந்து கடலையைக் கிளறுகிறது என்று அப்பா பாதி நாள் தோட்டத்து மோட்டார் ரூமில்தான் படுப்பார். அதற்குப் பஞ்சாயத்து வீட்டு நம்பர் இருந்தது. கயிற்றுக் கட்டில் இருந்தது. டீ போட ஓர் அடுப்பும் இருந்தது. எவ்வளவு பொருத்தம் என்று நானே வியந்து போனேன்.

விசாரிக்க வந்த அதிகாரி மலையாளமும் தமிழும் கலந்து கேட்டார். "இங்ஙனே தனிச்சா தாமசம்? ஒத்தையாவா இருக்கீங்க? மகன் சோறு தரில்லே?"

அப்பாவுக்கு என்னை விட்டுக்கொடுக்க மனமில்லை. "தர்றானுங்க! தூக்குப்போசீல கொண்டாந்து வெச்சுட்டுப் போயிருவானுங்க. நல்ல பையனுங்க!"

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே கிடந்த நாயைப் பார்த்தார். எழுதிக்கொண்டு போனார்.

கார்டு, சலுகை எதுவும் இல்லாத வெள்ளை நிறத்தில் வந்தது. அதில்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கேரளத்தில் ரேஷன் கார்டில் வீட்டுப் பெண்தான் குடும்பத் தலைவர். இத்தனை காலம் எங்கள் கார்டில் அம்மா தலைவர். அப்பா வெறும் உறுப்பினர். இப்போது ஒற்றை ஆள் கார்டு ஆனதால் தலைவர் என்ற இடத்தில் முதல் முறையாக அப்பா பெயர். கார்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, தூரத்தில் பிடித்து, என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இனி எம்பட ஊட்டுக்கு வந்தா சொல்லீட்டு வரோணும்" என்றார்.

ஆப்பரேஷன் தேதியன்று மாற்றுத் துணி, பிளாஸ்க், ஒரு சீப்பு பழம் சகிதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்த பெண் பழைய ஹெல்த் கார்டைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"அச்சன்டெ பேரு இதில் இல்லல்லோ. ரேஷன் கார்டில் குடும்பத்திலிருந்து மாத்தியிட்டுண்டு."

நான் புன்னகையோடு, இதற்காகவே காத்திருந்தவன்போல, எழுபது வயதுத் திட்டத்தைச் சொன்னேன். உத்தரவு தெரியும், ஆனால் அதில் சிகிச்சை இங்கே இன்னும் தொடங்கவில்லை என்றாள். "அதுக்குத் தனி ரேஷன் கார்டுகூட வாங்கியிருக்கறமுங்க" என்றேன். "அதுக்கு எதுக்கு ரேஷன் கார்டு? ஆதாரும் வயசும் போதுமல்லோ" என்றாள். கடைசி முயற்சியாக என் கம்பெனி அட்டையை எடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் பெயரை மட்டும் வாசித்தாள்.

மூன்று காப்பீடுகள் இருந்த ஊரில், அப்பா மூன்றிலும் இல்லாத ஒரே இடத்தை நான் உழைத்துக் கண்டுபிடித்திருந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: "என்னடா கண்ணு, நான் எதுலயுமே இல்லையாமா?"

"வெள்ளைக் கார்டுல இருக்கறீங்க."

"அதுல தலைவரு" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வது போல.

திரும்பி வந்த பஸ்ஸை நான் மறக்கமாட்டேன். எலப்புள்ளி தாண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் என் கை தானாகப் போய் அப்பாவின் வயிற்றுக்கு முன்னால் தடுப்பாக நின்றது. கட்டி உள்ளே இருக்கிறதா என்று வீட்டுக்குப் போவதற்குள் எத்தனை தடவை கேட்டேனோ, முன் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். மறுநாளே பெயரைத் திரும்பச் சேர்க்க விண்ணப்பம் கொடுத்தேன். சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை அப்பா இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக்கூடக் கூடாது என்று சட்டம் போட்டேன்.

இதற்குள் ரேஷன் கடை வரிசை தன் வேலையைச் செய்துவிட்டது. கிழவர் தனிக் கார்டோடு தனியாக நின்று, அரிசி வரவில்லை என்று திரும்பிப் போனதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? செய்தி எல்லை தாண்டிப் பொள்ளாச்சி போய், மாமா காரில் திரும்பி வந்தது. அப்படித்தான் அந்தக் கூட்டம்.

"ஏண்டா, உன்னப் படிக்க வெக்கத்தான மாட்ட வித்தான்?" என்று பெரியப்பா ஆரம்பித்தார். "இப்ப அவனக் கொண்டுபோய் மோட்டாருக்குப் பக்கத்துல கட்டிப்போட்டுட்ட?"

"இல்லைங்க பெரியப்பா, அது இன்சூரன்ஸ் விதி மாறிப்போச்சுங்க. கம்பெனில பேரண்ட்ஸ எடுத்துட்டாங்க. அதனால சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல..."

"பாருங்க மச்சான், இங்கிலீஸ்ல திட்றான்" என்றார் மாமா.

அக்கா என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "கல்யாணம் ஆகறதுக்கு முன்னாலயே தனிக்குடித்தனம் வெச்ச ஒரே ஆள் நீதான்டா. அதுவும் அப்பனுக்கு" என்றாள்.

அப்போதுதான் வாசலில் நாய் குரைத்தது. அப்பா வந்தார். தலையில் ஒரு பை. தன் சொந்தக் கார்டுக்குக் கிடைத்த முதல் அரிசி. கடையிலிருந்து நடந்தே சுமந்து வந்திருக்கிறார். எல்லாச் சொந்தக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த சந்தோஷத்தில், "வாங்க, வாங்க! இன்னைக்கு எல்லாருக்கும் எம்பட ஊட்டுச் சோறு!" என்றார்.

"அப்பா, கனம்!" என்று நான் கத்திய கத்தலில் மாமா டீயைக் கொட்டிக்கொண்டார். அப்பா திடுக்கிட்டுப் பையை இறக்கினார். இறக்கியவர் அப்படியே குனிந்து நின்றார். நிமிரவில்லை. "உள்ள போகமாட்டீங்குதுடா" என்றார். முகம் சாம்பலாகிவிட்டது.

என்னை விசாரிக்க வந்த காரில்தான் அவரைக் கொண்டு போனோம். மாமா ஓட்டினார். நான் பின்சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, படித்த எல்லா விதிகளும் மறந்துபோய், முருகா என்ற ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் கார்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றி நேராக உள்ளே கொண்டு போனார்கள். வயிற்றுக்குள் வைத்துத் தைக்கும் வலையும் சில மருந்தும் மட்டும் வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். கையெழுத்து வாங்க வந்த டாக்டர், "குடும்பத்தில் பெரியவர் யார்?" என்று எங்களைப் பார்த்துக் கேட்க, ஸ்ட்ரெச்சரிலிருந்து கை ஒன்று மெல்ல உயர்ந்தது.

"நாந்தானுங்க."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். ஆப்பரேஷன் முடிந்ததும் டாக்டர் வெளியே வந்து, குடல் கெட்டுப்போகும் முன் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்.

அப்பா தேறினார். பெயரும் பழையபடி அம்மா கார்டில் ஏறியது. ஆனால் பெரியப்பா விடவில்லை. கார்டு சேர்ந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஊருக்கு எப்படித் தெரியும்? பிரிந்த அடுப்பு சேர்ந்தால் குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டிப் பங்காளிகளுக்குச் சோறு போட வேண்டும் என்றார். பிரியவே இல்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கிடாய் வெட்டினோம். சாப்பிட்டுவிட்டுப் போன ஒவ்வொருவரும் என் தோளைத் தட்டி, "இனியாவது அப்பன நல்லாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைத் தேடினார்கள்.

அந்த வெள்ளைக் கார்டு செல்லாது. இருந்தாலும் அப்பா மோட்டார் ரூம் சுவரில் அதை ஒட்டி வைத்திருக்கிறார். நான் போனில் ஏதாவது செய்தியைக் கொஞ்சம் கூர்ந்து படித்தால் போதும், அம்மா கேட்பாள்: "இந்தத் தடவ யாரப் பிரிக்கப் போற? என்னையா?"

வலை, மருந்து, மாமா காருக்குப் பெட்ரோல் எல்லாம் சேர்த்து அப்பாவைப் பிழைக்க வைக்க ஆனது பதினோராயிரத்து நானூறு ரூபாய். நான் அவரைத் துரத்தவில்லை என்று ஊருக்கு நிரூபிக்க, கிடாய், அரிசி, சமையல்காரர், பூசாரி சேர்த்து ஆனது முப்பத்தோராயிரத்து எழுநூறு. எந்தக் கார்டிலும் திரும்பக் கிடைக்காத மொத்தம்: நாற்பத்து மூவாயிரத்து நூறு ரூபாய்.