இருதலை எஞ்சின் மலையேறு படலம்

ஒன்பது மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தை ஒரு குடைக்கீழ் ஆண்டவரும், டாலஸுக்கு வடபால் விளங்கும் பிளானோ நகரில் மூன்று படுக்கையறைக் கோட்டைக்கு மாதத் தவணை கட்டும் மன்னரும், ஈயப்பற்று வைக்கும் கோலையே செங்கோலாய் ஏந்தியவரும், பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எதிரில் நிற்பது மனைவியா மாற்றானா என்று பேதம் அறியாதவருமாகிய சந்தானம் வாழ்க! அவர் கொற்றம் வாழ்க! அவர் கட்டிய எஞ்சின் வாழ்க! இதைக் கேட்கப்போகிறவர்களின் பொறுமையும் வாழ்க, ஏனென்றால் சங்கதி கொஞ்சம் நீளம்.

வேல்ஸ் என்னும் ஓயா மழைநாட்டிலே, மலைவயிறு குடைந்தெடுத்த கற்பலகைகளைக் கடற்கரைக்கு இறக்கும் பொருட்டுப் போடப்பட்ட குறும்பாதை ரயில் ஒன்று உண்டு. அதன் வளைவுகளில் நெளிந்தேற வேண்டி, முன்னொரு முகமும் பின்னொரு முகமும், இரு கொதிகலனும் இரு புகைபோக்கியும், நடுவே டிரைவர் நிற்க ஒரே ஒரு கூண்டும் கொண்ட விசித்திர எஞ்சின்கள் அங்கே ஓடின. அத்தகையதொன்றின் திருவுருவை, முடிவெட்டும் கடையில் முறைக்குக் காத்திருந்த வேளையில், யாரோ விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகையில் கண்டார் சந்தானம். கண்டார்; கலங்கினார்; வெட்டாத தலையோடு வீட்டுக்கு ஓடி, அதன் பொம்மை உருவின் பாகங்களுக்குக் கடல்கடந்த கடையொன்றில் ஆர்டர் கொடுத்தார். நீங்கள் வேல்ஸுக்குப் போனதுண்டா என்று எவரேனும் கேட்டால், போனால்தானா என்பார். அந்நாட்டு ஊர்ப்பெயர்களை வெள்ளைக்காரர்களே உச்சரிக்கத் திணறுகையில், ழகரம் பழகிய நாக்குக்கு அது என்ன பிரமாதம் என்று தாமே கற்றுக்கொண்ட ஸ்டேஷன் பெயரொன்றை வருவோர் போவோர் முகத்திலெல்லாம் எச்சில் தெறிக்கச் சொல்லிக் காட்டுவார். அந்த உச்சரிப்பு சரிதானா என்று சோதிக்க பிளானோவில் ஒருவரும் இல்லை என்பது அவருக்குப் பெரிய வசதி.

எஞ்சின் கட்டைவிரல் பருமன். அது ஏறுதற்கென்று அவர் எழுப்பிய மலையோ அப்படியன்று. கம்பிவலை பின்னி, பிளாஸ்டர் பூசி, பாசி தூவி, கார்மேகம் கவிந்தாற்போல் சாம்பல் வண்ணம் தீட்டி நிறுத்திய அம்மாமலை எழுந்தருளியிருந்த பீடம் யாது? எட்டுப் பேர் அமர்ந்துண்ணத்தக்க சாப்பாட்டு மேஜை! ஷ்யாமளா தேவியார் கல்யாணமான புதிதில் கடைகடையாய் ஏறி இறங்கித் தேர்ந்த தேக்குநிற மேஜை! ஈராண்டாய் அதன்மேல் ஒரு சோற்றுப் பருக்கை விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் பிளாஸ்டர் தூள்தான்.

தேவியார் சாதுவல்லர். பகலெல்லாம் பெரிய அலுவலகமொன்றில் டேட்டாபேஸ்களை மிரட்டி மேய்ப்பவர். புரட்டாசி பிறந்து, கொலுப்படி கட்டிய அன்று, அடுக்களை வாயிலில் கரண்டி ஏந்தி நின்று அவர் விடுத்த பிரகடனத்தைக் கேட்டு ஃப்ரிட்ஜும் தன் உறுமலை நிறுத்தியதென்பர்.

"ஏன்னா, நன்னா கேட்டுக்கோங்கோ. விஜயதசமி சனிக்கிழமை வர்றது. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்க ரயில் அந்த உச்சி வரைக்கும் போயிடுத்துன்னா டேபிள் உங்களுது. போகலைன்னா மலை கராஜுக்கு. அப்பறம் ஒரு பேச்சு கிடையாது."

சந்தானமும் மீசையற்ற மேலுதட்டை முறுக்கி, அப்படியே ஆகட்டும் என்றார். கராஜ் என்றால் என்ன? டெக்ஸஸ் வெயிலில் அது உலைக்களம். பிளாஸ்டர் வெடிக்கும், தண்டவாளம் நெளியும். மலை அங்கே போனால் மண்ணாய்த்தான் போகும். ஆகவே இது வெறும் மேஜைச் சண்டை என்று எண்ணுவோர் எண்ணிக்கொள்ளட்டும். அவருக்கோ அது இரண்டு வருஷ உயிர்.

வெள்ளியன்று மாலை சரஸ்வதி பூஜை வந்தது. மதியமே எஞ்சினின் சக்கரங்களைப் பளபளக்கத் துடைத்து, மும்முறை மலையேற்றி, மும்முறையும் அது சிணுங்காமல் ஏறக் கண்டு பூரித்திருந்தார் சந்தானம். சோறு போடும் லேப்டாப்பை பூஜையில் வைக்கும்படி தேவியார் பணித்தார். வீரரோ லேப்டாப்பை மாடியிலேயே அனாதையாய் விட்டுவிட்டு, எஞ்சினைப் பட்டுத்துணியில் ஏந்திவந்து மகள் ரக்ஷாவின் கணக்குப் புத்தகத்தின்மேல் எழுந்தருளச் செய்தார். புகைபோக்கி இரண்டிலும் சந்தனம் வைத்தார். கூண்டின் நெற்றியில் குங்குமம் வைத்தார். அத்தோடு விட்டாரா? ஊரில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் சக்கரத்தில் பொட்டு வைப்பதை நினைவுகூர்ந்து, பல்குத்தும் குச்சியால் சந்தனம் தொட்டு, எட்டுச் சக்கரங்களிலும் தாராளமாய் அப்பினார். தாம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியே மின்சாரம் உண்டு வாழும் எஞ்சினுக்கு வாய்ப்பூட்டுப் போடுகிறோம் என்று அக்கணம் அவருக்குத் தோன்றவில்லை. பக்தி முற்றிய நேரம் பாருங்கள், பௌதிகம் எங்கே தோன்றும்?

பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியும்வரை தொடலாகாது. காலையிலேயே அதை முடித்து ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பூஜைப் பலகையிலிருந்து நேரே மலையடிவாரம், இடையில் ஒத்திகை எதற்கு, ஒத்திகை கோழைகளுக்கு என்று மறுபூஜையையே மாலைக்குத் தள்ளிவைத்தார் அந்த மகாவீரர். தலையெழுத்து, வேறென்ன சொல்ல?

சனிக்கிழமை மாலை, பட்டுப்புடவைப் பெருஞ்சேனை வாசல் செருப்புகளைக் கடந்து கொலுமுன் பரந்தது. அவர்களை டோல்வே என்னும் சுங்கச்சாலை வழியே ஓட்டிவந்த சாரதிகளாகிய கணவன்மார், ஒரு கையில் சுண்டல் கிண்ணமும் மறு கையில் கார்ச் சாவியுமாய்ச் சுவரோரம் அணிவகுத்தனர். அவ்வணியின் முன்னே, பக்கத்துக் காப்பெல் நகரின் குறுநில மன்னரும், கராஜ் நிறைய அமெரிக்க டீசல் எஞ்சின் பொம்மைகளைக் கட்டிக் காப்பவரும், சந்தானத்தின் எஞ்சினைச் சுண்டெலி என்று ஏற்கெனவே இருமுறை ஏசியவருமான வெங்கடகிருஷ்ணன் நின்றார். கற்பூரம் காட்டியாயிற்று. எஞ்சின் இறங்கிற்று. கற்பலகை ஏற்றிய குட்டி வேகன்கள் பின்னே கொக்கி கோத்தன. சந்தானம் சபையை ஒருமுறை பார்த்தார், மலையை ஒருமுறை பார்த்தார், விசையைத் திருகினார்.

எஞ்சின் அசையவில்லை.

இன்னும் திருகினார். அசையவில்லை. முழுக்கத் திருகினார். முன்முகமும் அசையவில்லை, பின்முகமும் அசையவில்லை. அந்தோ, அதன்பின் நிகழ்ந்த அமரை எங்ஙனம் விரிப்பது! மேஜையடியென்னும் பாதாளத்துள் பட்டுவேட்டியோடு பாய்ந்தார், ஒயர்க்காட்டைத் துழாவினார், மேலெழுகையில் மேஜை விளிம்பு மண்டையில் இடித்தது கண்டும் தளராராய், இணைப்புகளைப் பிடுங்கிச் செருகினார், செருகிப் பிடுங்கினார், மலையைத் தட்டினார், மனத்துள் வேண்டாத தெய்வமில்லை. சக்கரத்தை மட்டும் பார்க்கவில்லை. நேற்று மதியம் தாமே துடைத்த சக்கரமல்லவா? சுவரோரப் படையினரோ மென்பொருள் வல்லுநர்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லி ஒரே குரலில் உபதேசித்தனர். பண்ணினார். பண்ணியும் பயனில்லை.

"அப்பா, இஸ் இட் டெட்?" என்றாள் ரக்ஷா.

வெங்கடகிருஷ்ணன் சுண்டலை மென்று விழுங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன் சந்தானம். அமெரிக்கால இருந்துண்டு அமெரிக்கன் எஞ்சினா வாங்கணும். இந்தச் சுண்டெலியைக் கட்டிண்டு ரெண்டு வருஷம் வேஸ்ட் பண்ணியாச்சு. போகட்டும், டேபிளாவது மிஞ்சித்தே."

சபை சிரித்தது. அடக்கிச் சிரிக்கவுமில்லை, நன்றாகவே சிரித்தது. சந்தானத்துக்குக் காது இரண்டும் சுட்டன. நாற்பத்திரண்டு வயதில் அழுகை வருமா என்று ஐயப்பட்டவர்க்கு, வரும் என்று தெரிந்தது. மலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டார். வென்ற தேவியார் இப்போது என்ன சொல்லப் போகிறாரோ என்று அஞ்சியவாறே நிமிர்ந்து பார்த்தார்.

தேவியார் சிரிக்கவில்லை. கையிலிருந்த குங்குமச் சிமிழைக் கொலுப்படியில் வைத்தார். பட்டுத்தலைப்பை இடுப்பில் இறுகச் செருகினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அந்த வரவைக் கண்டு பெண்டிரும் பின்வாங்கி வழிவிட்டனர். எஞ்சினைத் தூக்கி, கரப்பான்பூச்சியைத் திருப்பிப் போடுவதுபோல் மல்லாத்தி, குழல்விளக்கின்கீழ் பிடித்தார்.

"சக்கரம் பூரா சந்தனம் காஞ்சு ஒட்டிண்டிருக்கு. யார் இட்டா?"

"நான்தான்," என்றார் வீரர், மிக மெல்ல.

அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் அந்த அம்மாள். எஞ்சினை மல்லாத்தாமலே நின்றிருக்கலாம். நின்றிருந்தால் மேஜை அவருடையது. சந்தானத்துக்கு அந்தக் கணக்கு சட்டென்று புரிந்தது, ஆனால் ஏன் என்றுதான் புரியவில்லை. தேவியாரோ குளியலறைக்குப் போய்க் காது குடையும் பஞ்சுக்குச்சிகளைத் தூணியோடு கொணர்ந்து, ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு சக்கரமாய்த் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல், தம் இரண்டாம் பிரகடனத்தை விடுத்தார்.

"வெங்கட், எங்காத்து ரயிலைத் திட்டறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன். அது போறும்."

காப்பெல் மன்னர் சுண்டலில் தேங்காய்த் துருவலைத் தேடத் தொடங்கினார். மஞ்சள் படிந்த குச்சிகள் போர்க்களத்து முறிந்த அம்புகளென மேஜையெங்கும் கிடந்தன. துடைத்த எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, நீங்களே ஓட்டுங்கோ என்பதுபோல் விசையைக் கணவர்பால் நகர்த்தினார் தேவியார். சந்தானம் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். திருகினார்.

ஏறிற்று! இருதலை எஞ்சின் ஏறிற்று! உறுமிற்று, ஊர்ந்தது, முதல் வளைவில் முக்கிற்று, பாலத்தில் பாய்ந்தது, குகையுள் ஒரு முகம் மறைய மறு முகம் வெளியே சபையை நோக்கிச் சந்தனத்தோடு விழித்தது. கற்பலகை வேகன்கள் கடகடத்துத் தொடர்ந்தன. பட்டுச்சேனை கைகொட்டிற்று, சாரதிப்படை சாவி குலுக்கிற்று, ரக்ஷா சோபாமேல் ஏறிக் குதித்தாள். வானவர் பூமாரி பொழியாக் குறையை, கொலுவுக்கு வந்த சாமந்திகளைக் கிள்ளி மலைமேல் எறிந்து மாதர் தீர்த்தனர். வேல்ஸ் நாட்டு மன்னர் முன்னோர் எல்லாம் விண்ணில் நின்று வாழ்த்தியிருப்பர், அவர்களுக்கு பிளானோ எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தால்! உச்சியில் போய் நின்றது எஞ்சின். வெற்றி, வெற்றி என்று கூவ வாய் திறந்த சந்தானம், பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். எல்லாரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்க, தேவியார் மட்டும் பாசியும் பிளாஸ்டரும் படியாத ஒரு மூலையில் தெரிந்த தேக்குநிறத்தைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தானம் கூவாமல், அந்த மூலையில் கிடந்த பஞ்சுக்குச்சிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

பிறகு எல்லாரும் பேப்பர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கார்பெட்டில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள்.