முப்பத்தேழாவது சின்னம்

இந்தக் கதையை நான் பல வருஷமாக முழுசாக நம்பவில்லை. சொன்னது என் அக்கா. எப்போது சொன்னாலும் ஒரே மாதிரி சொல்வாள். ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. நடந்ததைச் சொல்கிறவர்களுக்கு அங்கங்கே தடுமாறும் என்பது என் எண்ணம். அத்தானைக் கேட்கலாம் என்றால், அக்கா ஆரம்பித்த உடனே அவர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். பக்கம் புரளாது. மறுப்பும் வராது. அதனால் கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுகிறேன்.

அத்தானுக்கு லிஃப்ட் பரிசோதகர் வேலை. ஒரு கட்டடத்துக்குள் நுழைவார். லிஃப்டில் ஏறி உச்சி மாடி வரை போவார், இறங்குவார், கதவை இரண்டு தடவை திறந்து மூடுவார், அட்டையில் கையெழுத்துப் போடுவார். ஏழு நிமிஷம். அந்தக் கட்டடம் ஆஸ்பத்திரியா, துணிக்கடையா என்று வெளியே வந்த பிறகு கேட்டால் யோசிப்பார்.

உலகப் பாரம்பரியச் சின்னங்களையும் அவர் இப்படித்தான் பார்த்தார். வாசலைத் தாண்டுவார். பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்பார். அக்கா படம் எடுப்பாள். சட்டைப் பையிலிருந்து பட்டியல் வெளியே வரும். ஒரு டிக் விழும். "அடுத்தது?" என்பார். முந்நூறு வருஷம் பாடுபட்டுக் கட்டிய அரண்மனைக்கு அவர் கொடுத்தது பதினோரு நிமிஷம். அதிலும் நாலு நிமிஷம் கழிப்பறைக்குப் போய்விட்டது.

இருபத்திரண்டு வருஷம் இப்படி அலைந்து நூறாவது டிக்கையும் போட்டுவிட்டார். நூறாவது ஒரு பழைய இரும்புப் பாலம். பாலத்தில் வாசல் எது என்று தெரியாததால் இரண்டு பக்கமும் தாண்டினார்.

அவர் ஊரில் இப்படிச் சின்னம் எண்ணுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. நூலக மாடியில் ஞாயிறுதோறும் காலையில் கூடுவார்கள். சுவரில் 'நூறு கண்டவர்' என்று ஒரு மரப்பலகை. அதில் ஒரே ஒரு பெயர், சங்கத் தலைவருடையது. அவர் ஓய்வு பெற்ற மயக்க மருந்து டாக்டர். எதிரே இருப்பவர் மூச்சை மட்டும் கவனிக்கிற பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. இரண்டாவது பெயருக்கு இடம் விட்டிருந்தது. அதற்கு அத்தானோடு போட்டி போட்டவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். அவர் தொண்ணூற்றெட்டில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த மாதம் இரண்டு சின்னங்களுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகவும் கேள்வி.

நூறு ஆனவரைச் சங்கம் நேர்காணல் செய்யும். பட்டியலிலிருந்து மூன்று எண்களை ஒரு வாரம் முன்னால் எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொன்றிலும் புத்தகத்தில் இல்லாத ஏதாவது ஒன்றை, தன் கண்ணால் பார்த்ததை, சொல்ல வேண்டும். ஒன்றில் தவறினாலும் பட்டியல் முழுவதும் ரத்து. நூறும் சைபர். அதோடு தகவல் பலகையில் ஒரு வருஷத்துக்குப் 'பொய்க் கணக்கு' என்று பெயர் தொங்கும்.

கடிதம் வந்தது. பன்னிரண்டு, அறுபத்தொன்று, முப்பத்தேழு.

முப்பத்தேழைப் படித்ததும் அத்தான் கடிதத்தை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். அது ஒரு தீவுக் கோட்டை. கரையிலிருந்து முக்கால் மணி நேரம் படகு. தீவில் இறங்கி அறுநூற்று நாற்பது படி ஏறினால் கோட்டை வாசல். மேலே கடற்படையின் சமிக்ஞைக் கம்பம் இருந்ததால் கேமராவைத் தீவின் படகுத்துறையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அத்தான் அந்தப் படகுத்துறையைத் தாண்டவில்லை. அலை அவர் குடலைப் புரட்டி எடுத்துவிட்டது. ஒரு தார்ப்பாய் நிழலில் வாளியோடு படுத்துவிட்டார். அக்கா மட்டும் மேலே போனாள். ஒரு மணி நேரம் கழித்து, படகு புறப்படும் நேரத்துக்குச் சரியாக வந்தாள். முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கடல் காற்று என்று அத்தான் நினைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் டிக் போட்டார். தீவே சின்னம், தீவில் கால் வைத்தாயிற்று, பிறகென்ன?

இப்போது ஒரே வழிதான். மேலே என்ன இருந்தது என்று அக்காவிடமிருந்து பேச்சுவாக்கில் கறந்துவிட வேண்டும். அவளுக்குத் தெரியாமல்.

திங்கட்கிழமை சாயங்காலம் துணி மடிக்கக் கூடமாட உட்கார்ந்தார். அதுவே முதல் தவறு. கல்யாணமான நாளிலிருந்து அவர் துணி மடித்ததில்லை.

"அந்தத் தீவுக் கோட்டை ஞாபகம் இருக்கா உனக்கு?"

"எது? நீங்க குப்புறப் படுத்திருந்தீங்களே, அதுவா?"

"குப்புற இல்லை. ஒருக்களிச்சு."

"வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு."

"சரி, விடு. மேல நல்லா இருந்ததுல்ல?"

"உங்களுக்கு எப்படி இருந்தது?"

அத்தான் ஒரு தலையணை உறையை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

"சும்மா கேட்டேன்."

"மேஜை மேல கடுதாசியைப் பார்த்தேன்" என்றாள் அக்கா. "பன்னெண்டு, அறுபத்தொண்ணு, முப்பத்தேழு."

"அடுத்தவங்க கடுதாசியைப் படிக்கலாமா நீ?"

"அடுத்தவங்க ஏறின கோட்டையை நீங்க பட்டியல்ல போடலாமா?"

அக்கா மருந்துக் கடையில் முப்பது வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள். யாருக்கு எது, எத்தனை, எந்த வேளைக்கு என்று அவளுக்குத் தெரியும்.

"சொல்றேன். ஆனா மொத்தமா தர மாட்டேன். ஒரு நாளைக்கு ஒண்ணு."

"ஏன்?"

"மொத்தமா முழுங்கினா உங்களுக்கு ஒத்துக்காது. முதல்ல படுக்கையறைச் சுவர்ல மாட்டியிருக்கீங்களே உலகப் படம், அதைக் கழட்டுங்க. இருபத்திரண்டு வருஷமா குண்டூசி மெத்தைல விழுது. போன வாரம் ஒரு பெரிய நாடே என் முதுகுல குத்திச்சு."

உலகம் சுவரிலிருந்து இறங்கியது. அக்கா முதல் வேளை மருந்தைக் கொடுத்தாள்.

"கோட்டைக்குள்ள ஒரு கதவு. கீழ்ப்பாதி மட்டும் நீலப் பெயிண்ட். மேல்பாதி வெறும் மரம்."

"ஏன் பாதியோட விட்டான்?"

"அவன்கிட்டதான் கேக்கணும். தினம் மூணு தடவை சொல்லிப் பாருங்க."

மறுநாள் ரயில் ஜன்னலோரம் இனிமேல் அக்காவுக்கு என்று முடிவானது. அதற்குப் பதிலாக ஒரு காவலாளி கிடைத்தான். அவன் தன் ஈர சாக்ஸைப் பீரங்கி மேல் காயப் போட்டிருந்தான்.

"பீரங்கி மேலயா?"

"வெயில் அங்கதான் அடிச்சுது. பீரங்கி வாய்க்குள்ள கையை விட்டுட்டு நின்னான். என்னன்னு எட்டிப் பார்த்தா, டிபன் பாக்ஸ்."

அத்தானுக்குப் புல்லரித்தது. எந்தப் புத்தகத்திலும் இருக்காது. குளியலறையில் கதவு, சாக்ஸ், டிபன் பாக்ஸ் என்று முணுமுணுத்தார். சோதனைக்குப் போன கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே லிஃப்டை நிறுத்திவைத்துக்கொண்டு, உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் கோட்டையை விவரித்தார். ஒருவர் இறங்கிப் படியில் போகிறேன் என்று கெஞ்சினார்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அக்கா வாயைத் திறக்கவில்லை. அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் எழுதிய தாள் ஒன்றை நீட்டினாள். 'நூறோடு நிறுத்திக்கொள்கிறேன். இனி வருஷத்துக்கு ஒரு முறை, ஒரே ஊர், பத்து நாள், என் மனைவி சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பேன்.'

"இது என்ன?"

"கடைசி வேளை. போடுங்க கையெழுத்து."

"உட்கார்ந்து என்ன செய்யறது?"

"பாக்கறது."

"எதை?"

"எதிர்ல என்ன இருக்கோ அதை. இருபத்திரண்டு வருஷமா உங்க பின்னாடி ஓடி நூறு பெயர்ப்பலகை பார்த்திருக்கேன். பலகைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது பார்த்துட்டுச் சாகறேன்."

நாளைக் காலை பத்து மணிக்கு நேர்காணல். அத்தான் கையெழுத்துப் போட்டார். அவர் கணக்கு அவருக்கு. பலகையில் பெயர் ஏறட்டும், அப்புறம் இந்தத் தாளை யார் மதிக்கப் போகிறார்கள்? அக்கா தாளை நாலாக மடித்து, அவர் கண்ணெதிரே கைப்பைக்குள் வைத்தாள்.

"இப்ப சொல்லு, மூணாவது விஷயம் என்ன?"

"மேல காத்து பலமா அடிச்சுது" என்றாள் அக்கா.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் இருபது பேர். முன்னால் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் தலைவர். முதல் வரிசையில் பல் டாக்டர், மடியில் குறிப்பேடு. மூன்றாவது வரிசை ஓரத்தில் அக்கா. அத்தான் தனியாகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடியது. அல்லது அவர் ஆடினார்.

"பன்னிரண்டு" என்றார் தலைவர்.

அத்தான் நிஜமாகவே போன இடம். டிக் மட்டும் ஞாபகம் இருந்தது.

"உள்ள போனதும்... டிக்கெட் கவுண்டர். கவுண்டர்ல ஒரு அம்மா. சில்லறை இல்லைன்னாங்க."

"அதற்குப் பிறகு?"

"பெரிசா இருந்தது."

"எது?"

"எல்லாமே."

பல் டாக்டர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. பல்லை மட்டும் காட்டினார். சில்லறை இல்லை என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதால் தலைவர் அரை மனதோடு குறித்துக்கொண்டார். அறுபத்தொன்றுக்குக் கழிப்பறைத் தாழ்ப்பாள் பற்றிச் சொல்லி அத்தான் உயிர் தப்பினார். கழுத்துப்பட்டை நனைந்துவிட்டது.

"முப்பத்தேழு."

அத்தான் மூச்சை இழுத்தார். பிறகு, அக்கா வார்த்தையிலேயே சொல்கிறேன், அந்த மனுஷன் பேசினாரே ஒரு பேச்சு! பாதி நீலமாய் நின்ற கதவைச் சொன்னார். பெயிண்ட் தீர்ந்துபோன தொழிலாளியின் மனக்கஷ்டத்தைச் சொன்னார். பீரங்கி, அதன் மேல் சாக்ஸ், அதன் வாய்க்குள் டிபன் பாக்ஸ். காற்றை மட்டும் ஒரு நிமிஷம் வர்ணித்தார். போன இடங்களில் ஊமையாக இருந்தவர் போகாத இடத்தில் அருவியாகக் கொட்டினார். பின்வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தாள்.

தலைவர் அசையவில்லை. சங்கத்தில் அந்தத் தீவுக்குப் போயிருந்த இன்னொரு ஆள் அவர் மட்டும்தான், அத்தானுக்கு எட்டு வருஷம் முன்னால். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்தார்.

"அந்த சாக்ஸ்" என்றார் மெதுவாக. "என்ன நிறம்?"

நிறத்தை அக்கா சொல்லவில்லை. அத்தான் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அக்கா கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. பல் டாக்டர் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வருஷம், நூறு வாசல், எல்லாம் ஒரு ஜோடி சாக்ஸில் தொங்கியது.

"ஒண்ணு... சிவப்பு" என்றார். "இன்னொண்ணு வேற ஏதோ. ஜோடி மாறியிருந்தது."

தலைவர் அத்தானுடைய மூச்சைக் கவனித்தார்.

"சரி" என்றார். "நான் பார்த்ததும் அதேதான். ஒன்றுதான் சிவப்பு."

பல் டாக்டர் எழுந்துவிட்டார். "தலைவரே, எட்டு வருஷமா அதே சாக்ஸா?"

"மாத்திக்கறதுக்கு அவன்கிட்ட வேற ஜோடி இருக்கணுமில்ல?" என்றார் தலைவர் கடுமையாக. "உட்காருங்க. நீங்க போயிருக்கீங்களா? நாங்க ரெண்டு பேரும் போயிருக்கோம்."

கைதட்டினார்கள். மரப்பலகையில் அத்தான் பெயர் ஏறியது.

பல் டாக்டரும் இரண்டு மாதத்தில் நூறு எட்டினார். அத்தானுக்குத் தூக்கம் போய்விட்டது. அக்காவிடம் சொல்லாமல் நூற்றொன்றுக்கு டிக்கெட் எடுத்துவந்தார். அக்கா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தாராளமா போங்க" என்றாள். "நான் ஞாயித்துக்கிழமை சங்கம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். தலைவரோட ரெண்டு வார்த்தை பேசணும்."

"எதைப் பத்தி?"

"சாக்ஸைப் பத்தி."

டிக்கெட் ரத்தானது. அன்றிலிருந்து வருஷா வருஷம் ஒரே ஏரிக்கரை, இரண்டு சாய்வு நாற்காலி, பத்து நாள். மூன்றாம் நாள் முதல் அத்தான் கரையோரப் படகுகளை எண்ண ஆரம்பிப்பார். அக்கா பார்த்ததும் நிறுத்திக்கொள்வார்.

இதுதான் அக்கா சொன்ன கதை. அந்த ஒற்றைச் சிவப்பு சாக்ஸ் பல வருஷம் என் மண்டையைக் குடைந்தது. அது அந்த நிமிஷத்தில் அத்தான் வாயில் வந்தது. தலைவர் அதைப் பார்த்திருக்க முடியாது. அப்படியென்றால் தலைவரும் அந்தப் படியில் ஏறவில்லை. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் மேல் விழுந்த சந்தேகம் அவரோடு நிற்பதில்லை, பக்கத்தில் இருப்பவரையும் ஒரு பார்வை பார்க்கிறது. ஒரே ஒரு மணி நேரத்தில் அறுநூற்று நாற்பது படி. ஏறி, கதவைப் பார்த்து, டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, இறங்கி.

போன மாதம் அக்காவும் நானும் கடைக்குப் போய்விட்டு நடந்து வந்தோம். அத்தான் வீட்டில் இருந்தார். வழியில் ஒரு மேம்பாலப் படிக்கட்டு. முப்பது படி இருக்கும். பத்தாவது படியில் அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ போ. இந்த முட்டி சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்" என்றாள்.

நான் போகவில்லை. பையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அன்னிக்கு நீயாவது மேல போனியா?"