என் போனில் மழை இல்லை

ஒரே ஒரு தடவை பலித்துவிட்டால் போதும், எந்த முட்டாளும் ஜோசியன் ஆகிவிடலாம். எனக்குப் பலித்தது ஒரு புரட்டாசியில். நாளைக்குச் சாயங்காலம் மழை வரும் என்றேன், வந்தது. (புரட்டாசியில் சாயங்கால மழை வரும் என்று சொல்வதற்குப் போன் எதற்கு என்று அப்போது ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.)

நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர். வெல்டிங் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்த மழைக்குப் பிறகு வேலை கூடிவிட்டது. யூடியூபில் ரேடார் படம் பார்க்கக் கற்றுக்கொண்டு, 'நம்ம ஊரு வானம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். என் மனைவி கவிதாவின் ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். மாமனார், அவருடைய பங்காளிகள், மஞ்சள் போட்ட அக்கம்பக்கத்தார் என்று எல்லோரும் சேர்ந்தார்கள். விடிந்ததும் "சார், இன்னைக்கு எப்படிங்?" என்று கேட்பார்கள். பட்டறையில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் வானத்தையே குத்தகைக்கு எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பங்குனியில் மாமனாரின் மஞ்சள் முழுவதும் வேகவைத்து, களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. பத்து மாதப் பாடு. வெந்த மஞ்சள் காயும்போது நனைந்தால் நிறம் போய்விடும், பூஞ்சை பிடிக்கும், மண்டியில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாங்கள் அங்கே போயிருந்தோம்.

காலையில் எல்லோருடைய போனிலும் ஒரு எச்சரிக்கைச் செய்தி வந்தது. நாமக்கல் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும், திறந்த வெளியில் நிற்க வேண்டாம். உடனே குழுவில் என்னைத்தான் கேட்டார்கள். நான் ஒரு நிமிடக் குரல்பதிவு போட்டேன். மாவட்டம் என்பது பெரிய இடம், ஓரிரு இடம் என்றால் நம் இடம் என்று அர்த்தமில்லை, இதையெல்லாம் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். (ஓரிரு இடம் என்றால் நம் இடமாகவும் இருக்கலாம் என்பது ஏனோ எனக்குப் படிக்கத் தெரியவில்லை.)

பத்து மணிக்கு மாமனாரின் பங்காளி மகன் லாரியோடு வந்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு லோடு போகிறதாம், அவனுடைய தார்ப்பாய் கிழிந்துவிட்டதாம். மாமனார் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, தார்ப்பாயக் குடுத்துரலாமுங்களா? மெசேஜு வேற வந்திருக்குது."

"தாராளமாக் குடுங்க மாமா. மூணு நாளைக்குச் சொட்டு விழாது."

"ரெண்டையும் கேக்கறானுங்க."

"ரெண்டையும் குடுங்க."

மூன்று மணிக்குப் போதமலைப் பக்கம் கறுத்தது. கவிதா வந்து, "ஏனுங்க, அங்க பாருங்க" என்றாள். நான் போனைப் பார்த்தேன். அதில் நாமகிரிப்பேட்டைக்கு மேல் ஒரு புள்ளி நிறமும் இல்லை. அந்தப் படம் எவ்வளவு நேரத்துக்கு முந்தையது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அது மலையோட நின்னுக்கும்" என்றேன்.

காற்று வந்தது. பின்னாலேயே புளியங்கொட்டை அளவுக்குத் துளி. மாமனாரும் மாமியாரும் கவிதாவும் களத்துக்கு ஓடினார்கள். மூடுவதற்குத் தார்ப்பாய் இல்லை. உரச் சாக்கு, பெட்சீட், கொடியில் காய்ந்த சேலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய் விரித்தார்கள். விரித்த வேகத்தில் காற்று தூக்கியது. நான் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் நின்று, ரேடார் படத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். என் போனில் மழை இல்லை.

இடி கேட்டது. எனக்குத் தெரியும். இடி காதில் விழும் தூரத்தில் இருந்தால் மின்னலும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, உடனே கூரைக்குள் போய்விட வேண்டும். போன மாதம் குழுவில் இதைப் பற்றி நீளமாகப் பேசியிருந்தேன், நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். இப்போது என் மாமியார் தென்னைமரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு சேலையின் மேல் கல் வைத்துக்கொண்டிருந்தார். வாங்க அத்தை, உள்ளே வாங்க என்று ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கூப்பிட்டால் மழை வந்துவிட்டதை நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம். இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இடி தென்னையின் தலையில் விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. மட்டை எரிந்து மழையில் அணைந்தது. மாமியார் மஞ்சளின் மேல் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்த் தூக்கினோம். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது காதிலிருந்து கொஞ்சம் ரத்தம் வந்தது. கவிதா என்னைப் பார்த்து, மழையைவிட மெதுவான குரலில், "மெசேஜு வந்துச்சில்லீங்க" என்றாள்.

ராசிபுரத்திலும் சேலத்திலும் காட்டினோம். சவ்வு கிழிந்திருக்கிறது, நரம்பும் கெட்டிருக்கிறது என்றார்கள். அந்தக் காது திரும்பவில்லை. மஞ்சளில் பாதி கறுத்துப்போனது. மாமனார் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "இயற்கைங் மாப்ள, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். திட்டியிருந்தால் திரும்பக் கோபித்துக்கொண்டாவது பிழைத்திருப்பேன். குழுவில் யாரோ, "சார், நாளைக்கு எப்படிங்?" என்று கேட்டிருந்தார்கள். கிண்டலா, உண்மையிலேயே கேட்டார்களா என்று இன்றுவரை தெரியாது. குழுவைக் கலைத்துவிட்டேன்.

இப்போது அந்த வீட்டில் நான் எதைப் பற்றி வாய் திறந்தாலும், பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னால்கூட, மாமியார் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டுவார். "மாப்ள சொல்றதுக்குன்னே ஒரு காத ஒதுக்கி வெச்சிருக்கறேன், இதுல சொல்லுங்க சாமி." வீடே சிரிக்கும். வந்த விருந்தாளிகளுக்கு விளக்கிச் சொன்னதும் அவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

போன பொங்கலுக்கு அவர் தனியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் போய் வலது பக்கமாக, தெரிந்தேதான், உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான் உங்களைக் கூப்பிட்டிருக்கணும் அத்தை. வேணும்னேதான் கூப்பிடலை. மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் கீரையை வைத்துவிட்டு, மெதுவாகத் திரும்பி, கேட்கிற காதை என் பக்கம் கொடுத்தார்.

"என்னமோ சொன்னீங்களே சாமி. இந்தப் பக்கம் சொல்லுங்க."

"மணி என்ன ஆச்சுன்னு கேட்டேன் அத்தை" என்றேன்.