தங்கமும் தகரமும்

"ஹைட்ரஜனா? இதெல்லாம் வாயில நுழையற பேரா?" என்று தமிழாசிரியர் சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஆய்வகச் சுவரில் பெயின்டர் தனிம அட்டவணையின் முதல் கட்டத்தைத்தான் எழுதி முடித்திருந்தார். வேதியியல் ஆசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலக்கணத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியாத ஆள் என்பது தமிழாசிரியரைப் பற்றி அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். ஆனால் பக்கத்தில் தலைமையாசிரியை நின்றிருந்தார். வேதியியல் ஆசிரியரின் வேலை நிரந்தரமாவது அந்த அம்மாளின் கையில் இருந்தது. திங்கட்கிழமை கல்வித்துறையின் ஆய்வுக்குழு வேறு வருகிறது.

"வேணும்னா நீரகம்னு எழுதிடலாங்க ஐயா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அங்கேதான் வழுக்கியது.

"பேரு தமிழ், குறியீடு மட்டும் இங்கிலீஷா? 'நீ'ன்னு போடுங்க" என்றார் தமிழாசிரியர்.

"மேடம், அது உலகம் பூரா ஒத்துக்கிட்ட குறியீடு!"

"உலகமா வந்து நம்மள ஆய்வு பண்ணப் போகுது?" என்றார் தலைமையாசிரியை.

'நீ' போட்டாயிற்று. இரும்புக்கு 'இ', கரிக்கு 'க'. மத்தியானத்துக்குள் தங்கமும் 'த', தகரமும் 'த' என்று வந்து நின்றது. பெயின்டர் தூரிகையோடு திரும்பினார்.

"ரெண்டும் ஒண்ணுதானா சார்?"

"உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுப் பாருங்க!"

தலைமையாசிரியை கொஞ்சமும் அசரவில்லை. "தங்கத்தை மஞ்சள்ல எழுதிட்டா ஆச்சு."

உடனே கந்தகம் சண்டைக்கு வந்தது. அதற்கும் கரிக்கும் ஒரே 'க'. கந்தகத்தையும் மஞ்சளாக்கினார்கள். நிறத்தை வைத்துப் படித்தால் இப்போது தங்கமும் கந்தகமும் ஒரே குடும்பம். இந்தக் கூத்தைப் பார்க்கவா மாங்கு மாங்கென்று படித்தோம் என்று வேதியியல் ஆசிரியர் மனசுக்குள் காறித் துப்பினார். வெளியே சிரித்தார்.

"கீழ ரெண்டு வரிசையை ஏன் தனியா ஒதுக்கி வச்சிருக்கீங்க?" இதுவும் தலைமையாசிரியைதான்.

"அது நடுவுல வரவேண்டியதுதான் மேடம். அகலம் பத்தாதுன்னு கீழ போடுவாங்க."

"நம்ம பள்ளிக்கூடத்துல ஓரவஞ்சனையா? மேல ஏத்துங்க."

ஏற்றினார்கள். அட்டவணை ஜன்னலை மூடி, மூலை திரும்பி, கதவின் மேல் ஏறிக்கொண்டது. யாராவது கதவைத் திறந்தால், உயிரகமாகிவிட்ட ஆக்சிஜன் காணாமல் போயிற்று.

"எதையுமே தேடிக் கண்டுபிடிக்க முடியலையே" என்று தமிழாசிரியர் அலுத்துக்கொண்டார். "அகராதி மாதிரி அகர வரிசையில வச்சா என்ன?"

வேதியியல் ஆசிரியர் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். "ஐயா, எது எதோட சேரும்னு பார்த்து வச்ச வரிசை இது. அதைக் கலைச்சா மிச்சம் ஒண்ணுமில்ல!"

"நீங்க இன்னும் தற்காலிகம்தானே?" என்று தலைமையாசிரியை மெதுவாகக் கேட்டார்.

கலைத்தார். இரும்பும் ஈயமும் பக்கத்து வீட்டுக்காரர்களாயின.

திங்கட்கிழமை ஆய்வுக்குழுத் தலைவி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவர் நெடுக நடந்தார். கதவை ஒருமுறை திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

"இது யாரோட வேலை?"

வேலை போனாலும் படித்த படிப்பின் மானம் போகக்கூடாது என்று வேதியியல் ஆசிரியருக்கு ஒரு வேகம் வந்தது. முன்னால் பாய்ந்தார்.

"சத்தியமா எனக்கு இதுல சம்பந்தமே இல்லைங்க! குறியீடு, அகர வரிசையெல்லாம் இந்த ஐயாவோடது, நிறமெல்லாம் மேடத்தோடது. கெமிஸ்ட்ரி படிச்ச எந்த மடையனும் இப்படி எழுதமாட்டான்!"

தலைமையாசிரியையின் முகம் கறுத்தது. தமிழாசிரியர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உறுதியாத்தான் சொல்றீங்களா?" என்று தலைவி கேட்டார்.

"எங்க வேணும்னாலும் வந்து சொல்றேங்க."

தலைவி தலையசைத்துவிட்டு, அந்த இரண்டு பேரையும் அலுவலக அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தொலைந்தார்கள் என்று வேதியியல் ஆசிரியர் நினைத்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் நெஞ்சு லேசாயிற்று. சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, நிம்மதியாக மூச்சு விட்டார்.

குழுவோடு வந்திருந்த புகைப்படக்காரர் கேமராவோடு உள்ளே வந்தார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? அடுத்த வருஷம் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போற பாடப்புத்தகத்துக்கு இதுதான் அட்டைப்படமாம். இதை உருவாக்கின அந்த ரெண்டு பேரைத் தவிர வேற யாரும் படத்துல விழக்கூடாதுன்னு தலைவியம்மா சொல்லிட்டாங்க."