சந்தியாகப்பர் கச்சேரிக்கு வந்த கதை

கோரிபம்பா,
வியாழக்கிழமை

அன்பு மகன் லெயாந்த்ரோவுக்கு, பெற்ற தாய் எர்மெலிந்தா எழுதிக்கொண்டது. இங்கே நானும் பூனையும் எதிரே நிற்கும் எரிமலையும் நலம். மூவருமே இப்போது அதிகம் பேசுவதில்லை. அங்கே லீமாவில், உன் மைத்துனன் வீட்டில், நீயும் மருமகளும் நலமாயிருக்கவும், அந்த ஊர் ஈர மூட்டம் உன் நெஞ்சில் இறங்காதிருக்கவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். கம்பளிச் சட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டாய். கச்சேரி நடத்தும் கோலையும்தான். சாப்பாட்டு மேசையில் நீ வைத்த இடத்திலேயே கிடக்கிறது; தூசி மட்டும் துடைக்கிறேன்.

மடத்துப் பள்ளியில் கற்றுத் தந்தபடி முதலில் நலம், பிறகு செய்தி, பிறகு வேண்டுகோள் என்று ஒழுங்காக எழுத நினைத்தேன். செய்தியே பாவசங்கீர்த்தனமாக இருப்பதால் ஒழுங்கு கெடுகிறது. கோயில்பிள்ளை மெலித்தோன் குடித்துவிட்டு மணியடித்துக் கச்சேரியைக் கெடுத்தான் என்று நம்பிக்கொண்டு நீ ஊரை விட்டுப் போனாய். அவன் அன்று ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அடிக்கச் சொன்னவள் நான்.

போர் வெற்றியைப் பீரங்கியும் மணியுமாகக் கொண்டாடும் அந்த ருஷ்ய இசையின் ஒத்திகையில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அம்மா, ருஷ்யாக்காரங்ககிட்ட பீரங்கி இருந்துச்சு, வெச்சாங்க. நம்மகிட்ட பெரிய முரசுதான் இருக்கு. அது போதும்மா." நானும் தலையாட்டினேன். ஆனால் இசைத்தாளில் பீரங்கி என்று எழுதியிருக்கிறது, மணி என்றும் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதைச் செய்யாதவர்களை மடத்துப் பள்ளியில் மதர் அனுன்சியாத்தா வெயிலில் நிற்க வைப்பார். எழுபத்தாறு வயதிலும் எனக்கு அந்த வெயில் சுடுகிறது. உனக்குத் தெரியாமல் மெலித்தோனிடம் போனேன்.

"வேணாம் தோன்யா," என்றான், வழக்கமான மரியாதையோடு. "நேரங்கெட்ட நேரத்துல மணியும் அதிர்வேட்டும் சேந்து கேட்டா ஊரே எந்திரிச்சு வந்துருமே."

"இன்னைக்குக் கச்சேரின்னு ஊருக்கே தெரியும்டா."

"ஊருக்குத் தெரியும். டிக்கெட் வாங்குனவங்க அறுவது பேருதானே?"

அவனுக்கிருந்த அறிவு எனக்கில்லை. இந்த ஊரில் மணியும் வேட்டும் சேர்ந்து கேட்பது இரண்டே சமயத்தில்: ஜூலைத் திருவிழாவில் ஒன்று, நிலம் குலுங்கும்போது, கோயில் கூரை விழுமுன் சந்தியாகப்பர் சுரூபத்தை வெளியே தூக்கிவர ஆட்களைக் கூப்பிட ஒன்று. இது அக்டோபர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் கச்சேரி நடந்த பள்ளி முற்றத்தின் வாசலருகே உட்கார்ந்து சரியான இடத்தில் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினேன், சதுக்கத்துக்கு அப்பால் மெலித்தோன் மணியை இழுத்தான், அவன் மச்சான் வேட்டைக் கொளுத்தினான், ஐந்தாவது வேட்டுக்குள் சந்தியாகப்பரைத் தூக்கும் சபையார் வந்துவிட்டார்கள், ஒருவர் பாதி முகத்தில் சவர நுரையோடு, இன்னொருவர் மனைவியின் செருப்போடு, அவர்கள் சந்தியாகப்பரைக் குதிரையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு திறந்தவெளி எங்கே என்று பார்த்தால் நம் முற்றம்தான் திறந்தவெளி, பின்னாலேயே மெத்தை, கோழிக்கூண்டு, தொட்டில் சகிதம் ஊர் வருகிறது, நம் முரசுக்காரன் சப்பரம் தூக்குவதாக நேர்ந்துகொண்டவன் ஆயிற்றே, கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் தோள் கொடுக்க ஓடுகிறான், எக்காளம் ஊதும் பல்வைத்தியர் "என் பிள்ளைங்க!" என்று வேலி தாண்டுகிறார், நான் கைக்குட்டையை ஆட்டி நிறுத்து நிறுத்து என்கிறேன், மெலித்தோனோ இன்னும் பலமாக அடிக்கிறான், ஏனென்றால் கைக்குட்டை ஆடினால் அடி என்று சொல்லி வைத்தவளே நான்தான்.

"எங்கம்மா நெலம் ஆடுது?" என்று கேட்டாள் முட்டை விற்கும் பெத்ரோனா. ஆடவில்லை, இது ருஷ்ய இசை என்றேன்.

"எவனோ ருஷ்யாக்காரன் சண்டை போட்டதுக்கு என் அடுப்புல பால் பொங்கி வழியணுமா?"

நீ மட்டும் கையை நிறுத்தவில்லை. மீதியிருந்த ஒன்பது பேரோடு கடைசி சுரம் வரை போனாய். அதற்குள் ஜனங்கள் ஜெபமாலையில் இரண்டாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நீ கோலைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாய். நான் கைக்குட்டையைக் கைப்பைக்குள் போட்டேன். பொய் சொல்ல வாய் திறக்கவே வேண்டியதில்லை, பார்த்தாயா?

இடைவேளைக்குப் பிறகு வாசிக்க வேண்டியது உன் அப்பாவுக்காக நீ வைத்திருந்தது. எவரிஸ்தோ தன் செல்லோவில் மழை நாட்களில் வாசித்துக்கொண்டே இருந்த அந்த மெதுவான ருஷ்யப் பாட்டு. அது வாசிக்கப்படவே இல்லை. கேட்கக் காத்திருந்தவர்கள் சந்தியாகப்பரோடு போய்விட்டார்கள். உன் அப்பா இறந்து ஒன்பது வருஷமாக நான் கேட்கக் காத்திருந்ததை நானே மணியடித்து விரட்டினேன்.

பதினொரு நாள் பழியை மெலித்தோன் மேலேயே இருக்கவிட்டேன். நேற்று வந்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "குடிகாரன்னு பேரு வந்தா எனக்கென்ன தோன்யா? பாதி உண்மைதானே. ஆனா உங்க மகன் லீமா ஓட்டல்ல பியானோ வாசிக்கப் போறாராமே, அது நல்லாவா இருக்கு?" என்றான். நல்லா இல்லை. நேற்றே பாதிரியாரிடமும் மேயரிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் ராஜினாமாக் கடிதத்தை மேயர் இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

திரும்பி வா, மகனே. உன் அப்பா ஆரம்பித்த இசைக்குழுவை உன் அம்மா முடித்துவைத்தாள் என்று ஆக வேண்டாம். இனி உன் குழுவின் விஷயத்தில் ஒரு வார்த்தை, ஒரு கைக்குட்டை, என்னிடமிருந்து வராது. மாதாவின் பீடத்தில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

மருமகளுக்கு என் ஆசி. உனக்கு ஆசியோடு கம்பளிச் சட்டையும்.

உன் தாய்,
எர்மெலிந்தா

பி.கு.: குழுவைக் கலைத்துவிடலாமா என்று கேட்க எல்லோரும் இன்று வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிறு நான்கு மணிக்கு ஒத்திகை, நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் பாட்டை வாசிக்கச் சொன்னேன். நடுவில் ஒரு நீண்ட நிறுத்தம் வருமே, அங்கே நின்றார்கள். மறுபடி எப்போது தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேசையிலிருந்த கோலை நான் எடுக்கவில்லை. கரண்டியால்தான் காட்டினேன், தப்பாகப் போயிற்று. இரண்டாம் வயலின் சுருதி இறங்கியிருக்கிறது, அதை அவனிடமே சொல்லிவிட்டேன். இந்தத் தடவை மணி உண்டா என்று மெலித்தோன் கேட்டான். கிடையவே கிடையாது என்றேன். ஒரே ஒரு மணி. சின்னது. கடைசியில்.