முப்பத்துமூன்றுக்கு அடுத்தது

முப்பத்துமூன்றுக்கு அடுத்த எண் முப்பத்தைந்து என்று வாழ்ந்த ஒரே மனிதரை எனக்குத் தெரியும். நடுவில் ஒன்று இருக்கிறது என்பது அவருக்கும் நன்றாகவே தெரியும். சொல்லத்தான் வாய் வராது. புத்தகக் கட்டை எண்ணும்போது, "முப்பத்திரெண்டு, முப்பத்திமூணு, அது, முப்பத்தஞ்சு" என்பார். "அது" வரும்போது குரல் இறங்கிவிடும். கூரை இடிந்து விழவில்லையே என்று ஒருமுறை மேலே பார்த்துக்கொள்வார்.

எண்பதுகளின் நடுவில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டு, பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஊர் அவரை "முப்பத்தஞ்சு" என்றுதான் கூப்பிட்டது. பாஸ் மார்க் அதுதானே. வயசு இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது. பயத்துக்கு மட்டும் எழுபது வயசு. மழைக்குப் பயம், கரையானுக்குப் பயம், பீடி பிடித்துக்கொண்டு சந்தில் நுழைகிறவனைக் கண்டால் பயம். எல்லாவற்றையும்விட, சர்க்கார் திடீரென்று பாடப் புத்தகத்தை மாற்றிவிடும் என்ற பயம். பக்கத்து டீக்கடை ரேடியோவில் செய்தி ஆரம்பித்தால் போதும், "ஐயோ, புக்கை மாத்திட்டாங்களா?" என்று ஓடுவார். அங்கே கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கடைக்கு நான் போனது என் பயத்தைச் சுமந்துகொண்டு. பத்தாம் வகுப்பு ஆரம்பத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, பத்தியம், படுக்கை என்று மாதங்கள் ஓடிவிட்டன. பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். மறுபடி அனுப்ப அம்மாவுக்குத் தைரியமில்லை. வீட்டிலேயே படித்து, அடுத்த வருஷம் பிரைவேட்டாகப் பரீட்சை எழுதுவது என்று முடிவாயிற்று. பென்னாகரம் ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த அப்பா, சாப்பிட்டுக் கை கழுவும்போது தீர்ப்புச் சொன்னார்: "ஒரு தடவை எழுதட்டும். பாசானா மேல படிக்கட்டும். இல்லாட்டி ஆவணியில மாமனுக்குக் கட்டிக் குடுத்துடலாம்."

மாமன் என்றால் அம்மாவின் தம்பி. அரூரில் மரவள்ளிக்கிழங்கு வியாபாரம். என்னைவிடப் பதினாறு வயசு பெரியவர். கெட்டவர் இல்லை, பாவம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, "பாடமெல்லாம் ரொம்பக் கஷ்டமா இருக்குதா கண்ணு?" என்று விசாரிப்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை தெரியும். "இல்லீங்க மாமா, ரொம்பச் சுலபம்" என்று பொய் சொல்லிவிடுவேன்.

புதுப் புத்தகமா, பழைய புத்தகமா என்று வீட்டில் ஒரு வாரம் பெரிய சண்டை. அப்பா கொடுத்த காசுக்கு எல்லாப் பாடமும் புதுசாக வாங்க முடியாது. அம்மாவோ, "அடுத்தவங்க கட்டுன புடவையை வாங்கிக் கட்டுவமா? அடுத்தவங்க படிச்ச புக்கு மட்டும் எப்பிடி?" என்று பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் காசுதான் ஜெயித்தது. அம்மாவும் நானும் தர்மபுரிக்குப் பஸ் ஏறினோம்.

கடைக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: "ஏந்தம்பி, பழைய புக்கு நல்லதா, புதுசு நல்லதா? பொய் சொல்லாம சொல்லு."

"புதுப் புக்குக்குப் பரீட்சைன்னா என்னான்னே தெரியாதுக்கா," என்றார் முப்பத்தஞ்சு. "பழசு ஒரு தடவை பரீட்சை ஹாலுக்குப் போயி, பாசாகிட்டு வந்தது."

"புக்கு எப்பிடிப்பா ஹாலுக்குள்ள போவும்?"

"வாசப்படி வரைக்கும் போவுதில்ல? அது போதும்."

அவர் கடைச் சட்டமே தனி. புத்தகம் விற்க வருகிறவன் மார்க் ஷீட்டைக் காட்டியாக வேண்டும். பாசானவன் புத்தகத்துக்கு மஞ்சள் கயிறு, பெயிலானவன் புத்தகத்துக்குக் கறுப்புக் கயிறு. கறுப்புக் கயிற்றுப் புத்தகங்களைப் படிப்பதற்கு விற்கமாட்டார். மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போட்டுவிடுவார். எந்தக் கடைக்குப் போட்டாரோ அந்தக் கடையில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் பொட்டுக்கடலை வாங்கித் தின்னக்கூடாது என்றும் எச்சரிப்பார்.

அறிவியல் புத்தகம் ஒன்று பளிச்சென்று இருந்தது. அம்மா அதை எடுத்தாள். அவர் பதறிப்போய்ப் பிடுங்கினார். "ஐயோ, அது வேணாங்க்கா. இதைப் படிச்சவன் தொண்ணூத்தாறு வாங்கியிருக்கான். புக்குல இருந்த அம்புட்டையும் உறிஞ்சிட்டுத்தான் விட்டிருப்பான். பாப்பாவுக்கு என்னா மிச்சமிருக்கும்?" என்றவர், ஓரம் நைந்த ஒன்றைத் தேடிக் கொடுத்தார். "இது நாப்பத்தொண்ணு. தாராளமா மிச்சமிருக்குது."

இப்படியே தமிழ், வரலாறு, கணக்கு எல்லாம் பழசாகத் தேறின. கணக்குப் புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, முதல் பக்கமும் இல்லை. ஆனால் மஞ்சள் கயிறு இருந்தது. ஆங்கிலம் மட்டும் புதுசாக வாங்கிக்கொள்ளச் சொன்னார். "தர்மபுரி பூரா தேடினாலும் மஞ்சக் கயிறு கட்டுன இங்கிலீசு புக்கு கிடைக்காதுக்கா," என்றார்.

வீட்டில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. மாணவி நான் ஒருத்திதான். தலைமையாசிரியை, ஐந்தாவது வரை படித்த அம்மா. காலையில் சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டி மணி அடிப்பாள். வருகைப் பதிவும் உண்டு. அடுப்படியிலிருந்து என் பெயரைக் கூப்பிடுவாள். எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் நான் "உள்ளேன் அம்மா" என்று எழுந்து நிற்க வேண்டும். ஒப்பிக்கும்போது அரை நிமிஷம் திக்கினால், "ஆவணி மாசம் ஞாபகம் இருக்குதில்ல?" என்பாள். அந்தக் கணமே பாடம் நினைவுக்கு வந்துவிடும், அல்லது படித்தது மொத்தமும் மறந்துவிடும்.

கணக்குத்தான் எனக்கு எமன். ஆனால் அந்தப் பழைய கணக்குப் புத்தகத்தோடு எப்படியோ ஒட்டிப்போனேன். எண்ணெய்க் கறை பட்ட பக்கத்தில் வட்டம், மூலை மடங்கிய பக்கத்தில் காரணிப்படுத்துதல் என்று கண்ணை மூடினாலும் இடம் தெரியும். முன்னால் படித்தவர் ஓரமெல்லாம் பென்சிலால் கணக்குப் போட்டு, போட்டதையெல்லாம் அடித்துவைத்திருந்தார். சரியாகப் போட்டதையும் சேர்த்து அடித்திருந்தார். எந்தப் பைத்தியம் இது என்று நினைத்துக்கொள்வேன்.

பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லாத ஒரு மத்தியானம், வாசலில் வேர்த்து விறுவிறுத்து முப்பத்தஞ்சு நின்றார். சட்டையெல்லாம் புழுதி, கையில் ஒரு பார்சல்.

"என்னா தம்பி, இவ்ளோ தூரம்?" என்றாள் அம்மா.

"தண்ணி குடுங்கக்கா, சொல்றேன். ரேஷன் கடையில கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடிச்சேன். பஸ்ஸுல முன்னாடி உக்காந்தா எதிர்ல வர்ற லாரி தெரியுது. பின்னாடி உக்காந்தா துரத்திக்கிட்டு வர்ற லாரி தெரியுது. அதான் கண்ணை மூடிக்கிட்டு நின்னுக்கிட்டே வந்தேன். வழியெல்லாம் காடு. ஆனை வந்துடுமோன்னு வேற பயம்." சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாப்பா, அந்தக் கணக்குப் புக்கைத் தொறந்துட்டியா?"

"மூணு தடவை முடிச்சாச்சுங்கண்ணா."

"ஐயோ, ஐயோ, ஐயையோ!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். நாங்கள் கடைக்குப் போவதற்கு முன்னால், கோடை மழையில் கொட்டகை ஒழுகியிருக்கிறது. கயிறுகளை அவிழ்த்து எல்லாப் புத்தகங்களையும் வெயிலில் காயப்போட்டு, மறுபடி கட்டியிருக்கிறார். அட்டையில்லாத கணக்குப் புத்தகங்கள் இரண்டு இருந்தன. ஒன்று பாஸ், ஒன்று பெயில். அவசரத்தில் கயிறு மாறிவிட்டது. கறுப்புக் கயிற்றில் ஒதுக்கிவைத்திருந்ததை அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு அடித்தல் இல்லை. அதுதான் பாசான புத்தகம். அப்படியென்றால் என்னிடம் இருப்பது பெயில்.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பாவி! பெயிலான புக்கையா எம்பொண்ணு நெஞ்சுமேல வெச்சுக்கிட்டுத் தூங்கினா? எந்த வெளங்காதவன் புக்கு அது?"

அவர் நிமிரவே இல்லை. "என்னுதுக்கா."

அம்மா காலிச் சொம்பை எடுத்துப் போய் மறுபடி தண்ணீர் மொண்டு வந்தாள்.

"எல்லாப் பாடமும் பாசு. கணக்கு மட்டும் அது," என்றார். எது என்று நாங்கள் கேட்கவில்லை. "ஒரே ஒரு மார்க்குக்கா. கடைசிக் கணக்கைச் சரியாத்தான் போட்டேன். போட்டுட்டுப் பார்த்தா, தப்போன்னு பயம் வந்துடுச்சு. அடிச்சிட்டேன். வெளிய வந்து கேட்டா, எல்லாரும் நான் போட்ட விடையைத்தான் சொல்றாங்க."

"மறுபடி எழுதியிருக்கலாமில்ல?" என்றாள் அம்மா மெதுவாக.

"பயமா இருந்துச்சுக்கா," என்றார்.

பிறகு பார்சலைப் பிரித்தார். உள்ளே புத்தம் புதுக் கணக்குப் புத்தகம். பழைய புத்தகம் தவிர வேறெதையும் தொடாத மனிதர், பெரிய கடையில் போய் வாங்கி வந்திருக்கிறார். "இதுக்கு ராசியும் கெடையாது, தோஷமும் கெடையாது. இதைப் படி பாப்பா. அதைக் குடுத்துடு, நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

அம்மா அதற்குள் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து எனக்கும் பழைய புத்தகத்துக்கும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மூன்று பேரும் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். புதுப் புத்தகத்தைத் திறந்தேன். நல்ல வாசனை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. அம்மா ஒரு கணக்கைக் காட்டிப் போடச் சொன்னாள். எனக்கு வரவில்லை. இன்னொன்றைக் காட்டினாள். அதுவும் வரவில்லை. எண்ணெய்க் கறை இல்லாமல் எனக்கு வட்டமே தெரியவில்லை! ஒரு வருஷம் படித்தது அத்தனையும் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆவணி மாசம், மரவள்ளிக்கிழங்கு, மாமன் முகம் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

பழைய புத்தகத்தை இழுத்துக்கொண்டேன். அதே கணக்கைப் போட்டேன். வந்தது.

"எனக்கு இதுதாங்கண்ணா வேணும்," என்றேன். அழுகையும் வந்தது.

அவர் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருட்டுவதற்குள் தர்மபுரி போய்விட வேண்டும் என்ற பயத்தில் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு பாப்பா. போட்டதை அடிச்சிடாத. எவ்ளோ பயமா இருந்தாலும் அடிச்சிடாத."

தர்மபுரியில்தான் பரீட்சை. கணக்குப் பரீட்சை அன்று முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். ஹாலில் பேனா விரலில் வழுக்கியது. கடைசிப் பெரிய கணக்கைப் போட்டு முடித்தேன். விடை ரொம்பச் சின்னதாக இருந்தது. இவ்வளவு பெரிய கணக்குக்கு இத்தனூண்டு விடையா? தப்பு, நிச்சயம் தப்பு என்று மனசு அடித்துக்கொண்டது. அடிப்பதற்குப் பேனாவைக் குறுக்கே வைத்துவிட்டேன். அப்போதுதான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்ற அந்தப் பயந்த முகம் நினைவுக்கு வந்தது. பேனாவை மூடிச் சட்டென்று டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். மணி அடிக்கும்வரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேப்பரில் என் நம்பர் வந்தது. அப்பா அந்தப் பேப்பரை ரேஷன் கடைத் தராசுக்கு மேலேயே ஒட்டிவைத்தார். மாமன் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். அவரே பாதியைத் தின்றுவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு அரூருக்குப் போனார்.

மார்க் ஷீட் கைக்கு வந்ததும் அம்மா என்னைத் தர்மபுரிக்கு இழுத்துப் போனாள். எங்களைக் கண்டதும் முப்பத்தஞ்சு புத்தகக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பேப்பர் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லையாம்.

"பாசு தம்பி! வெளிய வா!" என்றாள் அம்மா.

தலை மட்டும் வெளியே வந்தது. "கணக்குல எவ்ளோ பாப்பா?"

"அறுபத்தெட்டுங்கண்ணா."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். முகம் வெளுத்தது. "ஐயோ, அது ரெண்டு 'அது' ஆச்சே!"

அம்மாவுக்குப் புரியவில்லை. அவர் அப்படியே கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கள் முன்னால் அதைச் சொன்னார்.

"ரெண்டு முப்பத்திநாலுக்கா. ஒண்ணு பாப்பாவோடது. இன்னொண்ணு நான் வாங்குனது. ரெண்டும் சேர்ந்து பாசாயிடுச்சு."

சொல்லிவிட்டு மேலே பார்த்தார். தகரம் விழவில்லை.

பையிலிருந்து அந்தப் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். "அக்டோபர்ல மறுபடி பரீட்சை வருதில்ல, நீங்க எழுதுங்கண்ணா."

"ஐயோ, எனக்குப் பயமா இருக்குதே."

"எதுக்குப் பயம்?" என்றாள் அம்மா. "ஒரு தடவை ஹாலுக்குப் போயி பாசாகிட்டு வந்த புக்கு தம்பி இது."

அவர் புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒரு மஞ்சள் கயிற்றை உருவி அந்தப் புத்தகத்துக்குக் கட்டினார். இரண்டு தடவை போட்டும் முடிச்சு விழவில்லை. அம்மாதான் போட்டுக் கொடுத்தாள்.

அக்டோபரில் அவர் எழுதினார். அடுத்த முறை தர்மபுரி போனபோது எவ்வளவு மார்க் என்று கேட்டேன். "அது இல்ல பாப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு, வாய்கொள்ளாமல் சிரித்தார்.

துவைத்த துணியோ வடாமோ, இன்றைக்கும் வீட்டில் எதை எண்ணினாலும் முப்பத்துமூன்றுக்கு அப்புறம் நான் "அது" என்றுதான் சொல்கிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும், அவருடைய அந்த ஒரு எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.